சானடோரியம் ஸ்டேஷனும் டாக்டர் சௌரி முத்துவும்!

தாம்பரம் - பீச் ரயிலில் தினமும் போறவங்களுக்கு 'சானடோரியம்' வெறும் ஸ்டேஷன் பெயர். அதுக்குப் பின்னால் ஒரு மனிதரின் வாழ்க்கை இருக்கு. அவர் டாக்டர் டேவிட் சௌரி முத்து.

1864-ல் பிறந்தவர். இங்கிலாந்தில் டாக்டராகி, அங்கே மெண்டிப் மலைப்பகுதியில் காசநோயாளிகளுக்காக சானடோரியம் நடத்தினார். 1914-ல் கணிதமேதை ராமானுஜன் இங்கிலாந்து போன கப்பலில் இவரும் ஒரு பயணி. 3 வருஷம் கழிச்சு ராமானுஜன் உடம்பு சரியில்லாமல் தங்கிய இடங்களில் இவருடைய சானடோரியமும் ஒன்று.

அப்போ காசநோய்க் கிருமியைக் கொல்ல மருந்தே கிடையாது. சுத்தமான காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சி... அவ்வளவுதான் வைத்தியம். அதே நம்பிக்கையோடு ஊர் திரும்பியவர், 1928-ல் தாம்பரத்தில் 12 படுக்கைகளோடு சானடோரியத்தைத் தொடங்கினார். 1937-ல் அரசு அதை ஏற்றது. 1940-ல் முத்து மறைந்தார். ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943-ல்தான்!

இன்னிக்கு அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கும் இப்போ மாத்திரை இருக்கு. 2016-ல் இந்தியாவில் பயன்பாட்டுக்கு வந்த பெடாகுயிலின் அதில் முக்கியமானது. ஆனா, அதைச் சாப்பிடுறவங்களுக்கு அடிக்கடி ஈ.சி.ஜி எடுக்கிறாங்க. நுரையீரல் நோய்க்கு இதயத்தை ஏன் பார்க்கணும்?

ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு இதயம் அடுத்த துடிப்புக்காக 'ரீசார்ஜ்' ஆகும். சில மருந்துகள் அந்த நேரத்தை நீட்டிடும். ஈ.சி.ஜி-யில் இதுக்குப் பெயர் க்யூ.டி இடைவெளி. அது 500 மில்லி செகண்டைத் தாண்டினால் ஆபத்து. துடிப்பு தாறுமாறாகி மயக்கம் வரலாம், உயிரே போகலாம். க்ளோஃபாசிமின், மாக்ஸிஃப்ளாக்ஸசின் சேரும்போது கவனம் இன்னும் அதிகம் வேணும். வாந்தி, வயிற்றுப்போக்கால் பொட்டாசியம் குறைஞ்சாலும் ரிஸ்க் கூடும்.

அதனால பயந்து மாத்திரையை நீங்களே நிறுத்தாதீங்க. நோய் இன்னும் முரண்டுபிடிக்கும். படபடப்பு, தலைசுற்றல், மயக்கம்னா உடனே டாக்டர்கிட்ட போங்க. குடும்பத்தில் யாராவது சின்ன வயசில் திடீர்னு இறந்திருந்தா அதையும் சொல்லுங்க. சளிக்கு அஸித்ரோமைசின், வாந்திக்கு ஆண்டான்செட்ரான்னு மெடிக்கல் ஷாப்பில் நீங்களா வாங்காதீங்க. அவையும் க்யூ.டி-யை நீட்டுபவைதான்.

மருந்தே இல்லாத காலத்தில் நோயாளிகளுக்கு இடம் கொடுத்தவர் முத்து. மருந்து வந்துட்ட இந்தக் காலத்தில், அந்த ஈ.சி.ஜி தேதியைத் தவறவிடாமல் இருப்பது நம்ம பங்கு.