அந்தி ஒளியில் ஒரு நகரம்: புகைப்படக் கலைஞர் யோசெப் சுடெக்

ஐரோப்பாவின் தொன்மையான நகரங்களுள் ஒன்றான பிராக்கைப் புகைப்படங்கள் வாயிலாக அறிந்தோர் யோசெப் சுடெக் என்ற பெயரையும் அறிந்திருப்பர். அந்நகரின் தேவாலயங்களையும் பாலங்களையும் ஒடுங்கிய வீதிகளையும் அந்தி ஒளியிலும் இரவின் விளக்கொளியிலும் பல ஆண்டுகள் படம்பிடித்த இக்கலைஞர், அப்பணி முழுவதையும் ஒற்றைக் கையுடனேயே செய்தார் என்பதை நாம் இங்கு நினைவுகூர விரும்புகின்றோம்.

1896ஆம் ஆண்டு பொஹீமியாவின் கொலின் நகரில் பிறந்த சுடெக், இளமையில் புத்தகம் கட்டும் தொழிலைக் கற்றார். முதலாம் உலக மகாயுத்தத்தில் இத்தாலியப் போர்முனைக்கு அனுப்பப்பட்ட அவர், அங்கு படுகாயமடைந்து வலது கையை இழந்தார். கற்ற தொழிலுக்குத் திரும்ப வழியில்லை. இராணுவம் வழங்கிய ஊனமுற்றோர் ஓய்வூதியத்தைத் துணையாகக் கொண்டு, பிராக்கின் அரச வரைகலைப் பாடசாலையில் புகைப்படக்கலை பயின்றார். கமராவை மடியில் இருத்தி, ஒரு கையால் இயலாததைப் பற்களின் உதவியால் செய்யப் பழகிக்கொண்டார்.

1344ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட புனித வீத்துஸ் பேராலயத்தின் கட்டுமானம் 1920களில் நிறைவை நெருங்கிக்கொண்டிருந்தது. 1924 முதல் 1928 வரை சுடெக் அங்கு படம்பிடித்தார். வானளாவிய தூண்களுக்கிடையே தச்சர்களின் பலகைகளும் தள்ளுவண்டிகளும் கிடக்க, உயர்ந்த யன்னல்களூடாக ஒளிக்கற்றைகள் சரிந்து விழும் அப்படங்கள் அவரது புகழுக்கு அடித்தளமிட்டன. ஒளி வரும்வரை தரையில் அமர்ந்து காத்திருந்து, வந்ததும் துணியை வீசித் தூசியைக் கிளப்பி அவ்வொளியைக் கண்ணுக்குப் புலனாக்கியதும் உண்டு. நாஜி முகாம்களிலிருந்து உயிர் தப்பி, யுத்தத்தின் பின்னர் அவருக்கு உதவியாளராகப் பணியாற்றிய சொஞ்சா புல்லாட்டி இதனைப் பதிவுசெய்துள்ளார்.

1939ஆம் ஆண்டு ஜேர்மனியப் படைகள் பிராக்கைக் கைப்பற்றின. கமராவுடன் வீதியில் நடமாடுவது ஆபத்து நிறைந்ததாயிற்று. சுடெக் தமது தோட்டத்துச் சிறு கலைக்கூடத்தின் யன்னலையே 1940 முதல் 1954 வரை மீண்டும் மீண்டும் படம்பிடித்தார். அதே 1940இல், சார்த்ரே பேராலயச் சிற்பமொன்றின் பழைய தொடுகை அச்சைக் கண்ட அவர், அன்று முதல் படங்களைப் பெருப்பிப்பதைக் கைவிட்டார். எதிர்மறைத் தகட்டைத் தாளின்மீது நேரடியாக வைத்து அச்சிடும் அம்முறையில், படத்தின் அளவு தகட்டின் அளவாகவே அமையும். பெரிய படம் வேண்டுமெனில் பெரிய கமராவைச் சுமந்தாக வேண்டும். ஒற்றைக் கையர் அச்சுமையை ஏற்றுக்கொண்டார்.

அந்தியில் கட்டடங்களைப் படம்பிடிப்பது பொறுமையைக் கோரும் வேலை. ஒளி குறையக் குறைய, கமராவின் கண் நெடுநேரம் திறந்திருக்க வேண்டும். அவ்வேளையில் கடந்துசெல்லும் மனிதர் படத்தில் பதிவதில்லை. அசையாத கல்லும் விளக்குமே எஞ்சுகின்றன. அச்சிடும்போதும் சுடெக் இருளை வெளுப்பாக்க முற்படவில்லை. கருமைக்குள் கருமையாகத் தெரியும் கோபுரத்தையும் ஈரக் கல்வீதியையும் பார்ப்பவர் நின்று நிதானித்தே கண்டுகொள்ள வேண்டியிருந்தது.

பழைய அகலப்பரப்புக் கமராவொன்றினால் அவர் எடுத்த 284 படங்கள் 1959ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தன. 1961இல் அரசின் சிறப்புக் கலைஞர் விருது அவருக்குக் கிடைத்தது. அவ்விருதைப் பெற்ற முதலாவது புகைப்படக் கலைஞர் அவரே. 1976ஆம் ஆண்டு செப்டெம்பர் 15ஆம் திகதி, தமது 80ஆவது வயதில் அவர் காலமானார்.

இன்று கைத்தொலைபேசி இருளை நொடியில் பகலாக்கிவிடுகின்றது. வசதியை நாம் குறைகூறவில்லை. ஆயினும் அந்தியைப் பகலாக்கிய படம் அந்தியின் சாட்சியாகாது. மகாயுத்தம் ஒன்றில் கையை இழந்து, மற்றொன்றில் தமது நகரம் அந்நியர் வசமானதைக் கண்ட ஒருவர், அந்நகரின் இருளை மறைக்காமலும் அதற்குள் எஞ்சியிருந்த ஒளியைத் தவறவிடாமலும் பதிவுசெய்தார். தமது ஊரின் பழைய கட்டடங்களை அடுத்த தலைமுறைக்குக் காட்ட விரும்பும் எவருக்கும் அந்த நேர்மையும் பொறுமையும் முன்மாதிரியாகும் என்பதே எமது கருத்தாகும்.