மாட்டுவண்டியில் வந்த கேமரா

முதல் முறை ஒரு அருவியை போட்டோ எடுத்தது ஞாபகம் இருக்கா? புதுக்கோட்டைப் பசங்களுக்கு அது பெரும்பாலும் குற்றாலமாகவோ கொல்லிமலை ஆகாய கங்கையாகவோதான் இருக்கும். நம்ம மாவட்டத்துல கண்மாய் உண்டு, ஊருணி உண்டு, மழைக்காலத்துல வெள்ளாறு உண்டு. அருவின்னு சொல்லிக்க பெருசா ஒண்ணும் இல்லை.

போனை ஆட்டோ மோடில் வைத்து எடுத்தால் தண்ணி துளித்துளியா உறைஞ்சு நிற்கும். அப்புறம் யாராவது ட்ரைபாட் வைத்து, ஷட்டரை ஒரு செகண்ட் திறந்து வைக்கச் சொல்லித் தருவாங்க. உடனே அதே தண்ணி பால் மாதிரி வழியும். பாறை மட்டும் அப்படியே இருக்கும். நகர்வது கரையும், நிற்பது பதியும். நமக்கு இது ஒரு செட்டிங். 1858-ல் புதுக்கோட்டையைப் படமெடுத்த ஒருவருக்கு வேற வழியே கிடையாது. அவர் பெயர் லின்னேயஸ் டிரைப். உலகப் புகைப்பட வரலாற்றில் பெரிய பெயர். நம்ம ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேறு விஷயம்.

டிரைப் 1822-ல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தார். அப்பா மருத்துவர். பையன் பதினேழு வயசிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் சேர்ந்து கப்பலேறிவிட்டார். நம்மில் பலர் கவுன்சிலிங்குக்கு சாய்ஸ் ஃபில்லிங் பண்ணிய வயசு அது. பத்து வருஷத்துக்கு மேல் சாதாரண ராணுவ வாழ்க்கைதான். 1850-ல் நீண்ட விடுப்பில் ஊருக்குப் போனபோது புகைப்படக் கலை அவரைப் பிடித்துக்கொண்டது. 1853-ல் லண்டனில் தொடங்கிய போட்டோகிராபிக் சொசைட்டியில் ஆரம்பத்திலேயே உறுப்பினராகிவிட்டார். திரும்பி வரும்போது கூடவே கேமராவும் வந்தது. 1854 கடைசியில் ஹளேபீடு, பேலூர் கோயில்களை எடுத்தார். அந்தப் படங்களுக்கு 1855 மதராஸ் கண்காட்சியில் பரிசு கிடைத்தது.

அதே வருஷம் பர்மாவுக்குப் போன தூதுக்குழுவோடு கம்பெனி அவரை அனுப்பியது. மழை, காய்ச்சல், கெட்டுப்போகும் ரசாயனம், இத்தனைக்கும் நடுவில் 200-க்கு மேல் நெகட்டிவ்களோடு வந்தார். அதிலிருந்து 120 படங்களைத் தேர்ந்தெடுத்து, பெங்களூரில் உட்கார்ந்து 50 செட் போட்டார். அப்போது என்லார்ஜ் செய்வதெல்லாம் இல்லை. நெகட்டிவ் எந்த அளவோ படமும் அந்த அளவு. ஒவ்வொரு பிரிண்ட்டையும் தாளோடு தாள் ஒட்டி வெயிலில் வைத்து எடுக்கணும். 50 செட் என்றால் 6,000 பிரிண்ட். கணக்கு போட்டுப் பாருங்க, ஒருத்தருக்குப் பைத்தியம் பிடிக்காமல் இருந்ததே ஆச்சரியம்.

1856-ல் மதராஸ் அரசு அவரையே அரசுப் புகைப்படக்காரராக நியமித்தது. பழைய கோயில்கள், கோட்டைகள் இடிந்துபோகும் முன்னால் பதிவு செய்வதுதான் வேலை. கலை மேல இருந்த பாசம் மட்டும் இதுக்குக் காரணம்னு நினைச்சுடாதீங்க. ஆளும் நிலத்தைக் கணக்கெடுத்து வைப்பது கம்பெனிக்குப் பழக்கம். மேப், சர்வே வரிசையில் இப்போது போட்டோவும் சேர்ந்தது, அவ்வளவுதான்.

1857 டிசம்பரில் டிரைப் மாட்டுவண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு பெங்களூரிலிருந்து கிளம்பினார். வடக்கே சிப்பாய்க் கிளர்ச்சி இன்னும் அடங்கவில்லை. இவர் சேலம் பக்கம் ராயக்கோட்டை, திருச்சி, ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். அப்போது நம்ம ஊர் தனி சமஸ்தானம். ராமச்சந்திர தொண்டைமான் ஆட்சி. தொண்டைமான்கள் கம்பெனிக்கு வேண்டப்பட்டவர்கள் என்பது, கட்டபொம்மன் கதை தெரிந்த யாருக்கும் தெரியும். கம்பெனியின் கேமராவுக்கு இங்கே கதவு திறந்தே இருந்திருக்கும்.

அந்தக் கேமரா எப்படி வேலை செய்தது என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. மெழுகு ஏற்றிய தாளில் அயோடைடு உப்பு, அதன் மேல் வெள்ளி நைட்ரேட். வெளிச்சம் பட்டால் வெள்ளி உப்பில் கண்ணுக்குத் தெரியாத மாற்றம் நடக்கும். காலிக் அமிலத்தில் மணிக்கணக்காக ஊறவைத்தால் பிம்பம் மெதுவாக மேலே வரும். கண்ணாடித் தகட்டு முறையும் அப்போது இருந்தது. அது வேகமானது. ஆனால் தகடு ஈரம் காய்வதற்குள் எல்லாம் முடியணும், இருட்டுக் கூடாரம் பக்கத்திலேயே வேணும். மெழுகுத்தாளை முன்கூட்டியே தயார் பண்ணி எடுத்துப் போகலாம். டிரைப் இரண்டையுமே பயன்படுத்தினார். வெயில் ஏறினால் மெழுகு இளகும், ரசாயனம் கெடும் என்பதால் விடியற்காலை வெளிச்சம்தான் அவருக்கு நண்பன்.

தாளுக்கு எக்ஸ்போஷர் நிமிடக் கணக்கில். அத்தனை நேரத்தில் தண்ணி கண்ணாடி மாதிரி வழவழப்பாகிவிடும். மதுரைக்குப் போகும் தரைப்பாலத்தோடு வைகையை அவர் எடுத்த படம் ஒன்று உண்டு, தேடிப் பாருங்க. காற்றில் ஆடும் இலை புகையாகும். தெருவில் நடந்தவர் படத்திலேயே இருக்க மாட்டார். இந்தத் தாள் நீல வெளிச்சத்தை அதிகமாக வாங்கிக்கொள்வதால் வானம் வெறும் வெள்ளையாகப் போய்விடும். டிரைப் அதை விடவில்லை. நெகட்டிவ் மேலேயே பிரஷ்ஷால் மேகம் வரைந்தார், மங்கிப்போன இலைகளைத் திருத்தினார். எடிட் பண்ணாத போட்டோதான் உண்மையான போட்டோன்னு சண்டை போடுற நண்பர் இருந்தால் இதைச் சொல்லுங்க.

அவருடைய தென்னாட்டுப் படங்களில் ஆள் நடமாட்டம் ரொம்பக் குறைவு. பலர் இதை வெள்ளைக்காரனின் பார்வை என்பார்கள். பாதி சரி. மீதிப் பாதி கெமிஸ்ட்ரி. 1858-ல் இங்கே தண்ணி எடுத்தவங்க, மாடு ஓட்டினவங்க, கேமராவை வேடிக்கை பார்த்த பிள்ளைங்க யாரும் அந்தத் தாளுக்குப் போதுமான நேரம் அசையாமல் நிற்கவில்லை. கல் நின்றது, அதனால் கல் நமக்குக் கிடைத்தது.

தஞ்சைப் பெரிய கோயிலில்தான் அவர் உச்சத்தைத் தொட்டார் என்பது என் கருத்து. அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை, கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி 21 படங்களாக எடுத்து ஒட்டினார். சுமார் 19 அடி நீளம். இன்று போனைத் திருப்பினால் வந்துவிடும் பனோரமாவை அவர் கையால் தைத்தார்.

இந்த வேலைகளில் அவரிடம் கற்றவர்களில் மதராஸ் கலைப்பள்ளி மாணவர் ஐயாசாமியும் ஒருவர். இந்தப் பெயரைத் தனியாக ஞாபகம் வச்சுக்கோங்க. டிரைப்புக்கு ஒரு கண்காட்சியும் தடித்த புத்தகமும் உண்டு; ஐயாசாமிக்கு இல்லை.

1858-லேயே மதுரை, திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டை எனத் தனித்தனித் தொகுப்புகள் வந்தன. அடுத்த வருஷம் சார்லஸ் டிரெவெலியன் மதராஸ் ஆளுநராக வந்தார். கிளர்ச்சியால் கஜானா காலி. போட்டோ எல்லாம் ஆடம்பரச் செலவு என்று திட்டத்தையே நிறுத்தச் சொல்லிவிட்டார். பிரிண்ட் போடும் கூடம், பயிற்சி பெற்ற ஆட்கள் எல்லாம் கலைந்தது. டிரைப்புக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. வேடிக்கை என்னவென்றால், லண்டனோடு வரி விஷயத்தில் மோதி டிரெவெலியனும் 1860-ல் பதவி இழந்தார். ஆனால் நின்ற வேலை திரும்பத் தொடங்கவில்லை.

டிரைப் பழையபடி படைக்குத் திரும்பினார். பிறகு பர்மாவில் கொஞ்சம் படங்கள் எடுத்ததோடு சரி. ஓய்வுபெற்று, பிறந்த டெவன்போர்ட்டுக்கே போய், 1902-ல் இறந்தார். கேமராவோடு முழு மூச்சாக இருந்தது ஆறேழு வருஷம். அது இல்லாமல் கழிந்தது நாற்பது.

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அவருடைய படங்கள் இருக்கின்றன. ஆன்லைனில் தேடும்போது இன்றைய ஸ்பெல்லிங்கில் தேடாதீங்க. அவர் நம்ம ஊரை எழுதியது 'பூடூகோட்டா' மாதிரி: இரண்டு இடத்தில் இரட்டை ஓ, நடுவில் ஒரு சி, கடைசியில் ஒரு எச்.