சட்டத்தின் நிறைவு அன்பே: யோசேவாஸ் அடிகளார் காட்டிய வழி

2020 ஒக்டோபரில் கொவிட் நோய் மீண்டும் பரவியபோது, கொழும்பின் வடகோடியிலுள்ள மட்டக்குளியும் முகத்துவாரமும் தனிமைப்படுத்தல் ஊரடங்கின் கீழ் கொண்டுவரப்பட்டன. களனி கங்கை கடலோடு கலக்கும் அப்பகுதியில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றனர். அயல்வீட்டில் ஒருவர் நோயுற்றால் விதியைக் காப்பதா, மனிதரைக் காப்பதா என்ற கேள்வி அந்நாட்களில் பலரது உள்ளத்திலும் எழுந்தது. ஏறத்தாழ 323 ஆண்டுகளுக்கு முன்னர் இதே கேள்வி கண்டி மாநகரில் ஒரு துறவியின் முன் நின்றது. அவரே யோசேவாஸ் அடிகளார்.

கோவாவின் பெனோலிம் கிராமத்தில் 1651 ஏப்ரல் 21ஆம் திகதி கொங்கணி பிராமண மரபைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். 1676இல் குருவானார். இலங்கையில் போர்த்துக்கேயரை வென்ற ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றிவிட்டனர் என்றும், மக்கள் பல ஆண்டுகளாக மேய்ப்பரின்றித் தவிக்கின்றனர் என்றும் அறிந்ததிலிருந்து அவருடைய மனம் இத்தீவையே நாடியது.

குருமாருக்குப் புகலிடம் அளிப்போருக்கு மரண தண்டனை என்பது 1658இல் ஒல்லாந்தர் பிறப்பித்த கட்டளை. எனவே அடிகளார் தமது அங்கியைக் களைந்து, கூலியாளின் கோலத்தில், யோவான் என்ற பணியாளுடன் தூத்துக்குடியிலிருந்து தோணியேறி 1687இல் யாழ்ப்பாணத்தை அடைந்தார். வந்த சில நாட்களிலேயே கடும் வயிற்றோட்டத்தால் மரணத்தின் வாயில்வரை சென்று மீண்டார். பின்னர் சில்லாலைக் கிராமத்தைத் தளமாகக் கொண்டு, இரவு வேளைகளில் வீடு வீடாகச் சென்று பணிபுரிந்தார்.

இங்கு ஒரு நியாயமான வினா எழுகின்றது. அதிகாரத்திலுள்ளோருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பது புனித பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் போதனை. பொய்ச்சான்று கூறாதே என்பது பத்துக் கட்டளைகளில் ஒன்று. எந்தச் சூழலிலும் பொய் பாவமே என்று புனித அகுஸ்தீன் உறுதியாக வாதிட்டார். அவ்வாறாயின் மாறுவேடமிட்டு அரச கட்டளையை மீறிய ஒரு குருவை எவ்வாறு நோக்குவது?

விடையும் அதே வேதத்திலேயே உள்ளது. அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்லும் அதே அதிகாரத்தின் பிற்பகுதியில், பிறரன்பே திருச்சட்டத்தின் நிறைவு என்று பவுல் எழுதுகின்றார். ஆண் குழந்தைகளைக் கொல்லுமாறு பார்வோன் இட்ட கட்டளையை எபிரேய மருத்துவச்சிகள் மீறி, அவனிடம் சாக்குச் சொல்லித் தப்பியதை விவிலியம் குறையாகச் சொல்லவில்லை. இறைவன் அவர்களுக்கு நன்மை செய்தார் என்றே கூறுகின்றது. மோசே, அதாவது மூஸா நபி, பிறந்த காலத்துக் கதை அது. பசியால் உயிர் போகும் நிலையில் விலக்கப்பட்ட உணவையும் உண்ணலாம் என்ற சலுகை இஸ்லாத்திலும் உண்டு. தீமையற்ற நன்மை விளையுமாயின் பொய்மையும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்றார் வள்ளுவர். உயிரைக் காக்கவே விதி வகுக்கப்பட்டது என்பதில் இம்மரபுகள் அனைத்தும் ஒன்றுபடுகின்றன.

எனினும் அன்பின் பெயரால் விதியை மீறுவது இலகுவான காரியமன்று. 1689 நத்தார் இரவில் வழிபாட்டுக்குக் கூடியிருந்த யாழ்ப்பாணக் கத்தோலிக்கரை ஒல்லாந்தப் படையினர் சுற்றிவளைத்துக் கைது செய்தனர். அடிகளார் தப்பினார், அவருக்கு இடமளித்தோர் துன்புற்றனர். அன்பின் முடிவுகளுக்கும் விலையுண்டு, அதனைச் சில வேளைகளில் பிறரும் செலுத்த நேரிடுகின்றது என்ற கசப்பான உண்மையை இச்சம்பவம் உணர்த்துகின்றது.

அதன் பின்னர் அவர் புத்தளம் வழியாக 1692இல் கண்டியை அடைந்தார். போர்த்துக்கேய ஒற்றர் என்ற சந்தேகத்தில் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவரைச் சிறைவைத்தான். காலப்போக்கில் அவரது எளிய வாழ்வைக் கண்டு சந்தேகம் அகன்றது. அங்கிருந்து மாறுவேடத்தில் கொழும்புக்கும் நீர்கொழும்புக்கும் அவர் சென்று வந்தார்.

1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. அம்மைப்பால் ஏற்றும் முறை கண்டறியப்பட அப்போது இன்னும் ஒரு நூற்றாண்டு இருந்தது. மன்னனும் பிரபுக்களும் நகரை விட்டு அகன்றனர். நோயுற்றோர் காட்டில் கைவிடப்பட்டனர். அடிகளாரும் அவருடைய மருமகனான யோசேப் கர்வாலோ அடிகளாரும் மாத்திரம் பின்வாங்கவில்லை. கைவிடப்பட்டோருக்குக் குடிசைகள் அமைத்து, உணவூட்டி, புண்களைக் கழுவி, இறந்தோரை அடக்கம் செய்தனர். நோயாளியின் சமயத்தை அவர்கள் கேட்கவில்லை. காயமுற்றவனைக் கண்டும் விலகிச் சென்ற குருவையும், அருகில் வந்து தாங்கிய சமாரியனையும் பற்றி இயேசு சொன்ன உவமை கண்டி வீதிகளில் செயலாயிற்று.

இவ்விடத்தில் ஓர் அளவுகோல் தெளிவாகின்றது. தமக்குரிய செபத்தையும் நோன்பையும் அடிகளார் ஒருபோதும் தளர்த்தவில்லை. தமது வசதிக்காக அவர் எந்த விதியையும் வளைக்கவில்லை. ஆயராகும் வாய்ப்பையும் மறுத்தார். பிறர் துயர் துடைக்க வேண்டியபோது மாத்திரமே, தம் உயிரைப் பணயம் வைத்து, அவர் கட்டளையைக் கடந்தார். தன்னலத்துக்காக விதியை மீறுபவனும் அன்பு என்ற சொல்லையே பயன்படுத்தக்கூடும். மீறலின் பயன் யாருக்கு, சுமை யாருக்கு என்று கேட்டால் இருவருக்குமிடையிலான வேறுபாடு புலப்படும்.

1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியில் அவர் காலமானார். 2015 ஜனவரி 14ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார்.

அதற்கு ஐந்தே ஆண்டுகளின் பின்னர், கொவிட்டால் மரணித்தோரின் உடல்கள் யாவும் எரிக்கப்பட வேண்டுமென இந்நாட்டில் விதியொன்று வந்தது. நல்லடக்கம் பாதுகாப்பானதே என உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியிருந்தும் 2021 பெப்ரவரி வரை அது நீடித்தது. தம் பெற்றோரையும் பிள்ளைகளையும் மண்ணில் வைக்க முடியாமல் முஸ்லிம் குடும்பங்கள் கண்ணீர் வடித்தன. 2024 ஜூலையில் அரசாங்கத்தின் சார்பில் மன்னிப்புக் கோர அமைச்சரவை முடிவு செய்தது. மன்னிப்பு வந்தது, அடக்கம் செய்யும் உரிமையை இழந்தோருக்கு அது திரும்பி வரவில்லை.

சட்டமாயினும் சமய விதியாயினும் அதனைக் கையிலெடுப்போர், எதிரே நிற்கும் மனிதரின் முகத்தையும் ஒருமுறை நோக்க வேண்டும். கண்டியின் கைவிடப்பட்ட குடிசைகளில் யோசேவாஸ் அடிகளார் செய்தது அதுவே.