பிளவுண்ட உள்ளமும் பியேர் ஜானேயும்

பிரெஞ்சு நாட்டின் துறைமுக நகரமான லெ ஹாவ்ரில் தத்துவம் கற்பிக்க 1883-ஆம் ஆண்டு ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். பியேர் ஜானே என்பது அவர் பெயர். 1859-இல் பாரிசில் பிறந்தவர். அன்று அவருக்கு ஏறக்குறைய என் வயதுதான். பள்ளி நேரம் போக, மருத்துவமனைக்குச் சென்று மனநோயுற்ற பெண்களை ஆராய்ந்தார். மருத்துவப் பட்டம் பெற்றதோ பத்தாண்டு கழித்துத்தான்!

அவர்களுள் ஒருத்திக்கு லூசி என்று பெயரிட்டு எழுதினார். நோய் கண்டபோதெல்லாம் அவள் திரைச்சீலையைப் பார்த்து அஞ்சி நடுங்குவாள். தெளிந்தபின் கேட்டால் காரணம் தெரியாது. வேறொருவர் அவளோடு உரையாடிக்கொண்டிருக்கையில், ஜானே பின்னால் நின்று மெல்லிய குரலில் வினவினார். லூசியின் வாய் உரையாடலைத் தொடர்ந்தது. கையிலிருந்த பென்சிலோ ஜானேக்கு விடை எழுதிற்று. எழுதுவதை அவள் அறியவேயில்லை. எழுதுவது லூசியல்ல என்றது அக்கை. ஒரு பெயர் இருந்தால் வசதி என்று ஜானே வற்புறுத்தவே, அத்ரியேன் என்று எழுதிற்று. சிறுவயதில் திரைக்குப் பின் ஒளிந்திருந்த இருவர் விளையாட்டாக அச்சுறுத்தியதை அத்ரியேன் மறக்கவில்லை.

பெயர் கேளாதிருந்தால் அத்ரியேன் தோன்றியிருப்பாளா? சிறிதளவு நீரில் வெப்பமானியை வைத்தால், வெப்பமானியே நீரின் வெப்பத்தை மாற்றிவிடுமல்லவா? பெயரிட்டபின் அவ்வுருவம் மேலும் தெளிவு பெறுவதை ஜானேயும் குறித்திருக்கிறார். அந்த நேர்மைக்காகவே அவரை எனக்குப் பிடிக்கிறது.

பேய் என்றோ நடிப்பு என்றோ அவர் ஒதுக்கவில்லை. அதிர்ச்சியால் நலிந்த உள்ளம் அனுபவங்களை ஒன்றாய்க் கட்டும் ஆற்றலை இழக்கிறது. கட்டில் அடங்காத நினைவுகள் தனியே திரண்டு தமக்கென ஒரு நான் கொள்கின்றன என்றார். நண்பர்களே, விடுதியில் இந்தியும் வீட்டாரிடம் தமிழும் பேசி நாம் இருவேறு ஆட்களாக நடப்பது இதுவன்று. நமக்கு இரண்டும் நினைவிருக்கின்றன. லூசிக்கு அது வாய்க்கவில்லை.

1889-இல் இவற்றை ஆய்வேடாக வெளியிட்டார். பிறகு பாரிசில் சால்பெத்ரியேர் மருத்துவமனை. 1902-இல் கொலேஜ் த பிரான்சில் பேராசிரியர் பதவி. 1906-இல் ஹார்வர்டில் சொற்பொழிவுகள். பின்னர் ஃபிராய்டின் புகழொளியில் மங்கினார். 1994-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் பன்முக ஆளுமை என்ற நோய்ப்பெயரைக் கைவிட்டு, அடையாளப் பிளவு என்னும் பொருள்படப் புதுப்பெயர் வைத்தது. ஆட்கள் பலரல்லர், பிளவுண்டவர் ஒருவரே என்பது அதன் கருத்து. ஜானே வழிக்கே திரும்பினார்கள் எனலாம்.

1947-இல் அவர் மறைந்தார். 5,000-க்கு மேற்பட்ட நோயாளிகளின் குறிப்புகள் அவர் விருப்பப்படியே எரிக்கப்பட்டன. ஆராய்ச்சி மாணவனாகிய எனக்கு வயிறு எரிகிறது. ஆயினும், அவரை நம்பி வாய்திறந்தவர்கள் என்னைப் போன்றோர் படிப்பதற்காகப் பேசவில்லையே!