சாகும் நட்சத்திரம் வளையம் விடுவது ஏன்? கப்பலில் போட்ட ஒரு கணக்கின் கதை

மார்ச், ஏப்ரல் மாதம் விடியற்காலை நாலு மணி. வட்டவடை, நெல்லியாம்பதி மாதிரி வெளிச்சம் குறைந்த மலைப்பகுதியில் நின்றால் வடக்கு வானத்தில் வேகா நட்சத்திரம் பளிச்சென்று தெரியும். பஞ்சாங்கத்தில் இதன் பெயர் அபிஜித். அதன் பக்கத்தில் சின்ன டெலஸ்கோப்பைத் திருப்பினால் மங்கலான புகை வளையம் ஒன்று தெரியும். அதுதான் ரிங் நெபுலா, ஒரு நட்சத்திரம் கடைசிக் காலத்தில் உதறிய வாயு.

இந்த வகைக்கு பிளானட்டரி நெபுலா என்று பெயர். கோள்களுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 1780களில் வில்லியம் ஹெர்ஷல் கண்ணுக்குக் கோள் மாதிரி தெரிந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். சரி, நடுவில் மிஞ்சும் கரு என்ன ஆகும்? அதற்கு வரம்பு போட்டவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர்.

யார் இவர்?

1910 அக்டோபர் 19 அன்று லாகூரில் பிறந்த தமிழர். அப்பாவுக்கு ரயில்வே கணக்குத் துறையில் வேலை. சர் சி.வி. ராமன் இவருக்குச் சித்தப்பா. 1930 ஜூலையில் கேம்பிரிட்ஜில் படிக்கக் கப்பல் ஏறியபோது வயசு 19. அம்மா சீதாலட்சுமி அப்போது உடம்பு முடியாமல் இருந்தார். ஆனாலும் மகன் போகணும் என்பதில் உறுதியாக இருந்தார். அடுத்த ஆண்டே இறந்துபோனார். மகன் ஊர் திரும்பியது 1936இல்தான்.

என்ன கணக்கு?

எரிபொருள் தீர்ந்த நட்சத்திரத்தின் கரு, சொந்த எடையிலேயே நசுங்கும். எலக்ட்ரான்களின் அழுத்தம் அதைத் தாங்கினால் பூமி அளவுள்ள வெள்ளைக் குள்ளனாக நிற்கும். இந்தக் கணக்கில் சார்பியலையும் சேர்த்தார் சந்திரசேகர். சூரியனைப் போல சுமார் 1.4 மடங்குக்கு மேல் எடை இருந்தால் கரு தாங்காது என்று விடை வந்தது.

1935 ஜனவரி 11 அன்று லண்டனில் ராயல் வானியல் கழகத்தில் இதைச் சொன்னார். அடுத்துப் பேசிய ஆர்தர் எடிங்டன், அன்றைய பெரிய பெயர், கேலி செய்தார். வெளிப்படையாக ஆதரிக்க யாரும் வரவில்லை. சந்திரசேகர் 1937இல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1939இல் இதையெல்லாம் புத்தகமாக எழுதிவிட்டு வேறு ஆய்வுக்கு மாறினார். நோபல் பரிசு வந்தது 1983இல்.

வளையத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

சூரியனைவிட சுமார் 8 மடங்கு எடையுள்ள நட்சத்திரம்கூட வெள்ளைக் குள்ளனாக முடியும். எப்படி? வயசான காலத்தில் உப்பி, மேல்வாயுவை உதறி, எடையைக் குறைத்துக்கொள்கிறது. கருவின் சூடான புற ஊதா ஒளி அந்த வாயுவை மினுங்க வைக்கிறது. கரு வரம்புக்குள் நின்றதற்கு அடையாளம்தான் நெபுலா.

எல்லாமே வட்டமாக இருப்பதில்லை. பல நெபுலாக்கள் நீள்வட்டமாகவோ வண்ணத்துப்பூச்சிச் சிறகு மாதிரியோ இருக்கும். கூடவே சுற்றும் துணை நட்சத்திரம் வாயுவைத் திசைதிருப்புவது இதற்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது.

சந்திரசேகர் 1995 ஆகஸ்ட் 21 அன்று காலமானார். நாசா 1999 ஜூலையில் அனுப்பிய எக்ஸ்ரே டெலஸ்கோப்புக்கு அவர் நினைவாக 'சந்திரா' என்று பெயர். அது பூனைக்கண் நெபுலாவுக்குள் லட்சக்கணக்கான டிகிரி சூட்டில் இருக்கும் வாயுவைப் படம் எடுத்தது. நம்ம சூரியனும் இன்னும் சுமார் 500 கோடி ஆண்டில் இப்படித்தான் வாயுவை உதறி வெள்ளைக் குள்ளனாக முடியும்.