தோற்சுவடிகளைத் தேடியவர்

ஆர்னி மாக்னுசன் 1663-இல் ஐஸ்லாந்தில் பிறந்தார். நம்மைப் போன்ற மாணவ வயதில், 1683-இல் கோபன்ஹேகனுக்குப் படிக்கச் சென்றவர், 1701-இல் அங்கேயே பேராசிரியரானார். 1702 முதல் பத்தாண்டுகள் அரசுப் பணிக்காகத் தாயகமெங்கும் அலைந்து மக்கள்தொகையையும் நிலங்களையும் கணக்கெடுத்தார். போன இடமெல்லாம் சுவடி தேடினார். முன்னோர் கதைகளைத் தாங்கிய கன்றுத்தோல் ஏடுகள் காலணிக்குள்ளும், சட்டை தைப்போரின் அளவுத் துண்டாகவும் கிடந்த காலம் அது! கிழிந்த ஒற்றை ஏட்டையும் அவர் விடவில்லை.

1728 அக்டோபரில் கோபன்ஹேகன் தீப்பற்றி எரிந்தது. நூலகத்தை அப்புறப்படுத்த அவர் தாமதித்துவிட்டார் என்றே சொல்ல வேண்டும். தோற்சுவடிகளில் பெரும்பகுதி தப்பியது. அச்சு நூல்கள் அநேகமாகச் சாம்பலாயின. 1730 ஜனவரியில் காலமானார். எஞ்சியவற்றை அந்தப் பல்கலைக்கழகத்துக்கே எழுதி வைத்திருந்தார். 1971 முதல் 1997 வரை அவற்றில் ஏறக்குறையப் பாதி ஐஸ்லாந்துக்குத் திரும்பின.