கால்டுவெல்லும் நீக்கப்பட்ட பக்கங்களும்

சென்னைக் கடற்கரையில் 1968 இல் நிறுவப்பட்ட சிலையைக் காணும் மாணவர் பலர், இராபர்ட் கால்டுவெல்லை ஒப்பிலக்கண ஆசிரியராக மட்டுமே அறிவர். அவருடைய நூலுக்கு நேர்ந்ததையும் அவர்கள் அறிய வேண்டும்.

1814 இல் அயர்லாந்தில் பிறந்து, கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பயின்ற கால்டுவெல், 1838 இல் மறைப்பணியாளராகச் சென்னை வந்தார். 1841 இல் தெற்கு நோக்கி நடந்தே பயணம் செய்து, திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் குடியேறினார். அங்கே பள்ளிகளும் ஆலயமும் எழுந்தன. அவருடைய மனைவி எலைசா பெண் குழந்தைகளின் கல்விக்காக உழைத்தார்.

அவர் குறையற்றவர் அல்லர். 1849 இல் வெளியிட்ட நூலில், தாம் யாரிடையே வாழ்ந்தாரோ அந்த நாடார் சமூகத்தையே தாழ்வாகச் சித்திரித்தார். அச்சமூகத்தினரின் கடும் எதிர்ப்பால் அந்நூல் பின்னர் திரும்பப் பெறப்பட்டது. தம் வரலாற்றைப் பிறர் எழுதும்போது மக்கள் வாய்மூடி இருக்கவில்லை.

1856 இல் வெளிவந்த ஒப்பிலக்கணம், தமிழும் அதன் உறவுமொழிகளும் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, தனிக்குடும்பத்தைச் சேர்ந்தவை என நிறுவியது. பண்டு தாமிரபரணியின் முகத்துவாரத்தை ஒட்டியிருந்த கொற்கையில் அவர் அகழ்ந்து ஆராய்ந்தார். 1881 இல் திருநெல்வேலி மாவட்ட வரலாற்றை வெளியிட்டார். இன்று ஆதிச்சநல்லூரையும் கொற்கையையும் பேசும் நம் பெருமிதத்திற்கு முன்னோடிகளுள் அவரும் ஒருவர்.

ஒப்பிலக்கணத்தின் 1875 ஆம் ஆண்டுப் பதிப்பில், பறையர் திராவிடரா என்னும் வினாவை ஆராயும் பின்னிணைப்பு ஒன்று இருந்தது. அவர்கள் சாதியிலிருந்து விலக்கப்பட்டோரின் கூட்டம் என்னும் கருத்தை மறுத்த கால்டுவெல், அவர்களைத் தொன்மையான தனிச்சமூகமாகக் கண்டார். திராவிடரிலிருந்து வேறான இனம் என்பதற்குப் போதிய சான்றில்லை என்றும் கருதினார். 1891 இல் அவர் கொடைக்கானலில் மறைந்தார். உடல் இடையன்குடி ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 22 ஆண்டுகளுக்குப் பின், 1913 இல் பிறர் பதிப்பித்த மூன்றாம் பதிப்பில் அப்பின்னிணைப்பு இடம்பெறவில்லை. பல தலைமுறைகள் அக்குறைப்பதிப்பையே பயின்றன. 2008 இல் கவிதாசரண் பதிப்பகமே முழுநூலை மீட்டு வெளியிட்டது.

ஆவணத்தின் ஒரு பகுதியை மறைத்துவிட்டுத் தீர்ப்புக் கோருவதை எந்த நீதிமன்றமும் ஏற்காது. திராவிட அடையாளத்தின் மூலநூலிலேயே தலித் மக்களைப் பற்றிய பக்கங்கள் விடுபட்டன என்பதை வகுப்பறையில் சொல்லாமல் அவ்வடையாளத்தைக் கற்பித்தல் எங்ஙனம் முழுமையாகும்? மாணவர்கள் ஒரு நூலைக் கையிலெடுக்கும்போது, அது எந்தப் பதிப்பு என்பதையும் கேட்கப் பழக வேண்டும்.